எட்டு போட்டவருக்கு எந்த வண்டியும்

விழுப்புரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 18 வயது நிரம்பிய ஓர் இளைஞர் எல்.எல்.ஆர். போடுகிறார். 30 நாள் கழித்து, வீட்டில் இருக்கும் 100 சிசி ஸ்பிளெண்டரைக் கொண்டுபோய் எட்டு போட்டுக் காட்டுகிறார். கால் ஊன்றவில்லை, கோட்டைத் தாண்டவில்லை. தேறிவிட்டார். அவருக்குக் கிடைக்கும் உரிமம் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ ஓட்டுவதற்கானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 10ஆவது பிரிவு இருசக்கர வண்டிகளை இரண்டாக மட்டுமே பிரிக்கிறது: கியர் இல்லாதது, கியர் உள்ளது. ஆகவே சுமார் 8 குதிரைத்திறன் கொண்ட ஸ்பிளெண்டரில் தேறியவர், மறுநாளே 1,340 சிசியும் சுமார் 190 குதிரைத்திறனும் கொண்ட சுசுகி ஹயபுசாவில் ஏறி ஜி.எஸ்.டி. சாலையில் போகலாம். சட்டம் அவரைத் தடுக்காது. இடையில் இன்னொரு தேர்வு எழுதச் சொல்லாது. ஒரு நாள் பயிற்சிக்குப் போ என்றும் சொல்லாது.

விழுப்புரம் மாவட்டத்தில் ஹயபுசாக்கள் அபூர்வம் என்பது உண்மை. ஆனால் டி.என். 32, டி.என். 16 என்ற எண்களோடு ஓடும் கே.டி.எம். டியூக்குகளும் அப்பாச்சிகளும் அபூர்வமில்லை. இந்த வண்டிகள் ஐரோப்பாவில் தனி உரிமம் கேட்பவை. இங்கே முன்பணமும் மாதத் தவணையும் கட்ட முடிந்தால் போதும். இந்த ஓட்டையை அடைத்தாக வேண்டும், ஜி.எஸ்.டி. சாலைக்கு அது மற்றச் சாலைகளைவிட அவசரம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சென்னையிலிருந்து தெற்கே போகும் இந்தப் பெருஞ்சாலை திண்டிவனத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்கு, ஒன்று செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு, மற்றது கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரத்துக்கு. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர்ச் சாலை பிரியும். விழுப்புரத்தைத் தாண்டியதும் திருச்சிச் சாலை. தென்மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் போகும் சாலைப் போக்குவரத்தில் பெரும்பங்கு இந்த ஒரு கழுத்து வழியாகத்தான் இறங்குகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்தத் தடத்தில் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும்.

சாலை நான்கு வழி ஆனபோது ஊர்கள் இடம்பெயரவில்லை. வீடு ஒரு பக்கமும் நிலம் மறுபக்கமும் இருந்தவர்களுக்கு நடுவே சென்டர் மீடியன் வந்தது. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் வருபவர், அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வருவதற்குப் பதில் சாலையோரமாக எதிர்த்திசையில் வருவார். மேம்பாலமோ சுரங்கப்பாதையோ வந்த இடங்களில் இது குறைகிறது. மற்ற இடங்களில் தொடர்கிறது. ஆலை அரைக்கும் பருவத்தில் முண்டியம்பாக்கத்துக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்கள் இரவில் ஊர்ந்து போகும். இருபுறமும் கரும்பு பிதுங்கி நிற்கும். பின்விளக்கு எரியும் டிரெய்லரைப் பார்ப்பது அரிது. இப்படி மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் ஒன்றும் 130இல் போகும் ஒன்றும் ஒரே தார்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. சாலைப் பொறியாளர்கள் அஞ்சுவது இந்த வேக வித்தியாசத்தைத்தான். எல்லாரும் 80இல் போகும் சாலையைவிட, சிலர் 20இலும் சிலர் 130இலும் போகும் சாலை கொடியது.

திறன் கூடிய பைக் இந்த வித்தியாசத்தை என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல தார், காய்ந்த சாலை, நல்ல டயர், பிரேக் பிடிக்கத் தெரிந்த கை என்று எல்லாவற்றையும் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. 60இல் வருகிறவர் சுமார் 37 மீட்டரில் நின்றுவிடுவார். 80இல் வருகிறவருக்கு 58 மீட்டர் வேண்டும். 120இல் வருகிறவருக்கு 113. இதைவிட முக்கியமான கணக்கு வேறொன்று. 80இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட அதே 58ஆவது மீட்டரில், 120இல் வந்தவரின் வண்டி இன்னும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதலாமவர் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே நிற்பவரைத் திட்டுகிற இடத்தில், இரண்டாமவர் மோதுகிறார். நான்கு வழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசின் 2018 அறிவிக்கை வகுத்த உச்ச வேகம் 80. அந்த எண் ஏதோ மனம்போன போக்கில் எழுதியதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இது ஓட்டுபவரின் பக்கம். சாலையைக் கடப்பவரின் பக்கத்தைப் பேசுவோர் குறைவு. மீடியன் இடைவெளியில் எக்ஸெல்லை நிறுத்தி, இடப்பக்கம் திரும்பிப் பார்க்கும் முதியவர் ஒரு மதிப்பீடு செய்கிறார்: அதோ வருவது இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவருடைய மதிப்பீடு பல ஆண்டுப் பழக்கம். லாரி, அரசுப் பேருந்து, ஸ்பிளெண்டர் என்று அந்தச் சாலையில் பார்த்த வண்டிகள் கற்றுத்தந்தது. எதிரே வரும் பொருள் சிறியதாக இருந்தால் அது வந்து சேரும் நேரத்தை மனிதக் கண் கூட்டியே மதிப்பிடுகிறது என்று உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேருந்தைவிட பைக் தாமதமாக வரும் என்று கண் நம்புகிறது. இரவில் ஒற்றை விளக்கு மட்டும் தெரியும்போது தூரத்தைக் கணிக்க வேறு துப்பே இல்லை. பாரம் ஏற்றிய எக்ஸெல் இரண்டு தடத்தையும் கடக்க ஐந்து வினாடி பிடிக்கும் என்று வைத்தால், 60இல் வரும் வண்டி 83 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். 120இல் வருகிற வண்டி 167 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அந்த முதியவர் 100 மீட்டரில் ஒற்றை விளக்கைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று நம்பி இறங்குகிறார். மறுநாள் செய்தியில் ‘திடீரெனக் குறுக்கே வந்ததால்’ என்று வரும். அவர் திடீரென வரவில்லை. வாழ்நாளெல்லாம் கடந்ததுபோலத்தான் கடந்தார்.

நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம், 17,884. 2023இல் தமிழ்நாட்டின் உயிரிழப்பு 18,347 ஆனது. நாட்டின் சாலை நீளத்தில் மிகச் சிறிய பங்கான தேசிய நெடுஞ்சாலைகளில்தான் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சாவுகள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18க்கும் 45க்கும் இடைப்பட்ட வயதினர். சம்பாதிக்கிற வயது, பிள்ளைகள் சின்னதாக இருக்கிற வயது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்தியாவில் விற்பவற்றில் பெரும்பாலானவை 125 சிசிக்கு உட்பட்ட வண்டிகள். எனவே சாகிறவர்களிலும் பெரும்பாலோர் சின்ன வண்டியில் போனவர்களாகத்தான் இருக்க முடியும். அப்படியிருக்கப் பெரிய பைக்கை மட்டும் குறைசொல்வது சரியா? சரியில்லை. அது மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லக் கூடாது. எதிர்த்திசை ஓட்டம், குடித்துவிட்டு ஓட்டுவது, ஹெல்மெட் இல்லாத தலை, மூன்று பேர் ஏறிய வண்டி, விளக்கில்லாத டிராக்டர் ஆகிய எல்லாம் பெரிய காரணங்கள். புதுச்சேரியில் மது விலை குறைவு என்பதால் திண்டிவனம் சாலையிலும் கோட்டக்குப்பம், மரக்காணம் வழியான கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வார இறுதிகளில் சேரும் ஆபத்து தனி. ஆனால் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது மட்டுமில்லை. ஒரு வண்டிக்கு எவ்வளவு ஆபத்து என்பதும் கேள்வி.

இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பந்தயக் கள வடிவமைப்பில் வந்த சூப்பர்ஸ்போர்ட் பைக்குகளில் பதிவான ஒவ்வொரு 10,000 வண்டிக்கும் ஓட்டுநர் சாவு, சாதாரண பைக்குகளைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. மறுபுறம், ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்து 2004இல் முடிந்த மெய்ட்ஸ் ஆய்வு, எஞ்சின் கொள்ளளவு மட்டுமே ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்றது. இரண்டும் முரண்போலத் தோன்றும். என் வாசிப்பில் முரண் இல்லை. சிசி என்பது எஞ்சினின் உள்ளளவு. ஆபத்தை நிர்ணயிப்பது வண்டியின் எடைக்கு எவ்வளவு திறன், அதை ஓட்டுபவருக்கு எவ்வளவு பழக்கம் என்ற இரண்டும். 349 சிசி ராயல் என்பீல்டு கிளாசிக்கின் திறன் சுமார் 20 குதிரை, எடை 195 கிலோ. அதைவிடச் சின்ன எஞ்சின் கொண்ட டியூக் 200இன் திறன் 25 குதிரை, எடையும் குறைவு. ஊர்க்கண்ணுக்கு புல்லட்தான் ‘பெரிய வண்டி’. முறுக்கினால் பாய்வது மற்றது. 2012இல் டியூக் 200 இந்தியாவுக்கு வந்ததும், அடுத்த ஆண்டே 390 வந்ததும் இந்தச் சாலைகளுக்குப் புதிய அனுபவம். ஸ்பிளெண்டரில் ஒரு டன் எடைக்கு 70 குதிரைத்திறன் என்றால், 43 குதிரைத்திறன் கொண்ட அன்றைய டியூக் 390இல் 260க்கும் மேல். ஏறத்தாழ நான்கு மடங்கு.

பழக்கம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1981இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட அறிக்கை இன்றைக்கும் இந்தத் துறையின் அடிக்கல். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தவர்கள் அவர்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ நண்பர்கள், வீட்டார் மூலமாகவோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வண்டி ஓட்டுவதில் சில ஆண்டு அனுபவம் இருந்தது, ஆனால் விபத்தில் சிக்கிய அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. அதாவது ஓட்டத் தெரியும், அந்த வண்டியைத் தெரியாது. ஆபத்து வந்தபோது அவர்கள் செய்த தவறும் பெரும்பாலும் ஒன்றே: பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை.

நம் ஊரில் வண்டி பழகிய எவருக்கும் இதன் காரணம் உடனே விளங்கும். ‘முன்னாடி பிரேக்கைப் புடிக்காத, தூக்கி அடிச்சிடும்’ என்பதுதான் அப்பா, அண்ணன், மாமா சொல்லித்தந்த முதல் பாடம். மண்பாதையில், டிரம் பிரேக் வைத்த எக்ஸெல்லிலும் பழைய ராஜ்தூத்திலும் அந்தப் பாடம் ஓரளவு பொருந்தியிருக்கலாம். தார்ச்சாலையில் அது உயிரைக் குடிக்கிற பாடம். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் வலுவில் பெரும்பகுதியை முன்சக்கரம்தான் தரும். பின்சக்கரம் இலேசாகி இழுபடும். 40இல் போகும் ஸ்பிளெண்டரில் பின் பிரேக்கை மட்டும் நம்பியும் பலர் ஆயுள் முழுக்கத் தப்பித்துவிடுகிறார்கள். அதே காலும் அதே பயமும் 110இல் போகும் டியூக்கில் உட்கார்ந்திருக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. முன்பிரேக்கை மெல்ல அழுத்தத் தொடங்கி வேகமாக அழுத்தத்தைக் கூட்டுவது பயின்றால்தான் வரும். எட்டு போடும் மைதானத்தில் இதைச் சோதிப்பதே இல்லை. எட்டு, மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் வைத்திருக்கிறாரா என்று பார்க்கும் சோதனை. அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

ஏ.பி.எஸ். வந்துவிட்டதே என்று சொல்லலாம். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், மற்றவற்றுக்கு அடுத்த ஆண்டு முதலும் அது கட்டாயம். அருமையான முடிவு, உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்வதைத்தான் தடுக்கும். பிடிக்கவே பயப்படுகிற கையைப் பிடிக்க வைக்காது. 120இல் வருபவருக்கு 113 மீட்டர் வேண்டும் என்ற கணக்கையும் அது மாற்றாது.

125 சிசி என்ற அந்த எல்லைக்கோட்டைக் கவனிக்க வேண்டும். வண்டிக்கு வண்டி ஆபத்து மாறும் என்பது அரசுக்குத் தெரியும் என்பதன் முதல் சான்று அது. இரண்டாவது சான்று காப்பீடு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 150 முதல் 350 வரை 1,366 ரூபாய். 350க்கு மேல் 2,804 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு வண்டிக்காரர் அடுத்தவருக்கு விளைவிக்கும் கேட்டுக்கானது. அப்படியானால் பெரிய வண்டி அடுத்தவருக்குக் கூடுதல் ஆபத்து என்பதை ஏறத்தாழ நான்கு மடங்கு விலை போட்டு அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சான்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதற்கு மேல் 40. பிரேக்கில் பிரிவினை உண்டு, காப்பீட்டில் உண்டு, வரியில் உண்டு. ஓட்டுபவரின் திறமையைச் சோதிக்கும் ஒரே இடமான உரிமத்தில் மட்டும் இல்லை. கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கூடுதல் பயிற்சி கேட்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உரிமத்திலும் இந்தப் பிரிவினையைப் பல நாடுகள் எப்போதோ செய்துவிட்டன. சிங்கப்பூரில் முதலில் 200 சிசி வரைக்கான 2பி உரிமம். அதை ஓராண்டு வைத்திருந்து மறுபடி தேர்வெழுதினால் 400 வரைக்கான 2ஏ. இன்னும் ஓராண்டும் இன்னொரு தேர்வும் முடிந்தால்தான் அதற்கு மேல். இங்கிருந்து வேலைக்குப் போன தமிழர்களும் அந்தப் படிகளைத்தான் ஏறுகிறார்கள். ஜப்பானில் 400 சிசிதான் கோடு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சிசியோடு திறனையும் எடையையும் சேர்த்து அளக்கிறது: 16 வயதில் 125 சிசி, 11 கிலோவாட் வரை, 18 வயதில் 35 கிலோவாட் வரை, அதில் இரண்டு ஆண்டு பழகி 20 வயதிலோ, நேரடியாக என்றால் 24 வயதிலோதான் கட்டற்ற உரிமம். அங்கே தேர்வில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். நம் சட்டத்திலும் இந்த எண்ணத்தின் விதை இருக்கிறது. 16 வயது நிரம்பியவர் 50 சிசி வரைக்கும் ஓட்டலாம் என்கிறது 4ஆவது பிரிவு. 50 சிசியோடு அந்த யோசனை நின்றுவிட்டது.

2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், யூடியூபர் டிடிஎஃப் வாசன் ஹயபுசாவில் வீலிங் செய்யப்போய் விழுந்தது தமிழ்நாடு முழுக்கப் பரவிய காட்சி. நல்ல ஹெல்மெட்டும் பாதுகாப்பு உடையும் அணிந்திருந்ததால் உயிர் பிழைத்தார். கைதானார். ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. கார்த்திகேயன், அந்த வண்டியைக் கொளுத்திவிட வேண்டும் என்று சொல்லும் அளவுக்குக் கடிந்துகொண்டார். ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுக்கு ரத்தானது. அந்த வீடியோக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் என்பதால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சில வாரங்களில் நாம் பேசியதெல்லாம் ஒரு மனிதரைப் பற்றி. 190 குதிரைத்திறன் கொண்ட வண்டியை ஓட்ட ஒரு சாதாரண கியர் வண்டி உரிமம் போதும் என்ற விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. ரத்தான அந்த உரிமம் முதலில் எந்தச் சோதனையின் பேரில் கிடைத்தது என்ற கேள்வி எழவே இல்லை.

வேகத்தின் மீதான ஆசையைக் குற்றமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. செஞ்சிப் பக்கத்திலோ வானூர்ப் பக்கத்திலோ ஒரு விவசாயக் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தன் சம்பளத்தில் வாங்கிய பைக் பல கதவுகளைத் திறக்கிற பொருள். பேருந்துக்குக் காத்திராமல் போகலாம், நண்பர்கள் நடுவே நிமிர்ந்து நிற்கலாம். வேகத்துக்கென்று முறையான இடமும் தமிழ்நாட்டில் உண்டு. சோழவரம் பந்தயங்களின் மரபில் வந்த இருங்காட்டுக்கோட்டைக் களம் 1990 முதல் இயங்குகிறது. திண்டிவனத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். அங்கே எதிரே வருபவர் இல்லை, கரும்பு டிராக்டர் இல்லை, ஓடிவர மருத்துவர் உண்டு. அப்படிப்பட்ட களத்திலும் 2023 ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். எல்லாப் பாதுகாப்பும் இருந்தும் அது நடந்தது என்றால், விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் முறுக்குகிற வேகத்துக்கு எதைத் துணையாகச் சொல்ல முடியும்?

ஹெல்மெட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் தவிர்க்க முடியாது. இந்தக் கவசத்தின் வரலாற்றில் முக்கியமான ஓர் அத்தியாயம் ஒரு திறன்மிக்க பைக்கில் தொடங்கியது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப்பட்ட டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் தன் ப்ரஃப் சுப்பீரியர் பைக்கில், சைக்கிளில் போன இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று விழுந்து, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைக் கவனித்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் அதன்பின் ராணுவப் பைக் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது அதையொட்டித்தான். இன்றைய ஆய்வுத் தொகுப்புகளின்படி ஹெல்மெட் சாவை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவின் பேரில் ஹெல்மெட் விதியைக் கடுமையாக்கினார்கள். 2022 அக்டோபரில் அபராதம் 1,000 ரூபாய் ஆனது. ஆனாலும் 2022இல் நாடு முழுக்க ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் அமர்ந்தவர்கள். நம் சாலையில் அவர்கள் பெரும்பாலும் மனைவி, அம்மா, தங்கை. ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்னிருக்கை உயர்ந்து, சரிந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் இருக்கும். அதில் புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் பெண்ணின் தலையில் ஹெல்மெட் இல்லாதபோது, முன்னால் இருப்பவரின் ஐ.எஸ்.ஐ. முத்திரையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பிள்ளைகளுக்கும் விதி உண்டு. நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி முதல் கட்டுப்பட்டையும் 40 கிலோமீட்டர் உச்ச வேகமும் கட்டாயம், ஒன்பது மாதம் நிரம்பியவர்களுக்கு ஹெல்மெட்டும். அந்தக் கட்டுப்பட்டை விழுப்புரம் கடைவீதியில் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

விழுந்த பிறகு காப்பாற்றும் ஏற்பாட்டில் தமிழ்நாடு பெருமைப்படலாம். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010இல் முண்டியம்பாக்கத்தில், நெடுஞ்சாலையிலேயே, விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிச் சாலையில் போனால் கோரிமேட்டில் ஜிப்மர். 2021 டிசம்பர் 18 அன்று இதே ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஒரு லட்சமாக இருந்த உச்சவரம்பு பின்னர் இரண்டு லட்சம் ஆனது. விபத்துக்குப் பிந்தைய 48 மணி நேரத்துக்கு இவ்வளவு யோசித்த அரசு, விபத்துக்கு முந்தைய ஒரு காரியத்துக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

அந்தக் காரியம் செய்யக்கூடியதுதான். ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்ற ஒரே வகையை இரண்டாக்க வேண்டும். கோடு சிசியில் இருக்கக் கூடாது, கிலோவாட்டில் இருக்க வேண்டும். 15 கிலோவாட்டில் போடலாம் என்பது என் யோசனை. ஸ்பிளெண்டர், ஷைன், பல்சர் 150, ஏன், கிளாசிக் 350கூட அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். சித்தாள் வேலைக்குப் போகிறவரையும் பால் ஊற்றுகிறவரையும் உணவு டெலிவரி செய்கிறவரையும் இந்த மாற்றம் தொடவே தொடாது. கோட்டுக்கு மேலே போக விரும்புபவர் இரண்டு ஆண்டு கீழே ஓட்டியிருக்க வேண்டும். முன்பிரேக்கைச் சரியாகப் பிடித்து 50இலிருந்து அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். இதற்கு 100 மீட்டருக்குக் குறையாத நேரான தார்ப்பாதை ஒன்று போதும்.

மோட்டார் வாகனங்கள் அரசமைப்பின் பொதுப்பட்டியலில், 35ஆவது இனத்தில் வருகின்றன. நாடாளுமன்றம் 10ஆவது பிரிவைத் திருத்தலாம். அதற்குக் காத்திராமல் தமிழ்நாடு சட்டமன்றமே ஒரு திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். இந்தியாவின் பெரிய பைக் ஆலைகள் பலவும் ஓசூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கும் மாநிலம் இது. ராயல் என்பீல்டும் டிவிஎஸ்ஸும் யமஹாவும் இங்கே வண்டி செய்கின்றன. 15 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒரு வண்டியை விற்கும்போது ஒருநாள் பிரேக் பயிற்சியையும் விலையோடு சேர்த்துக் கொடுங்கள் என்று அவர்களை அழைத்துப் பேச எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. போக்குவரத்துத் துறை அமைச்சர் ஒரு கூட்டம் கூட்டினால் போதும்.